முதல் 14 நாட்கள்

அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்களுக்கு,



சிதம்பரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை எழுதும் மடல் இது. வெளிநாடுகளிலிருந்து அண்ணாமலைநகருக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இந்த ஊரில் காலூன்றும் வரை அவர்களுக்குத் துணை நிற்கும் நிலையான ஏற்பாடு ஒன்றைப் பல்கலைக்கழகம் செய்துதர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உங்களுக்குத் தனியாக எழுதாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையில் பாதிதான் உங்களுடையது. மறுபாதி வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், வங்கியில் இருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று எங்கள் எல்லோருடையதும்.

கடல் கடந்து வந்தவர்கள் அண்ணாமலைநகருக்குப் புதியவர்கள் அல்லர். 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் 1931-இல் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது, இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரை. பேராசிரியர் பணியோடு நின்றுவிடாமல், திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதிக்குப் போய் அங்கிருந்த பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர். 1945-இல் தனிநாயகம் அடிகள் மாணவராக வந்து சேர்ந்தார். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்து, ரோமாபுரியில் படித்துக் குருவானவர், முப்பது வயதைக் கடந்தபின் இங்கே தமிழ் எம்.ஏ. வகுப்பில் உட்கார்ந்தார். பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் எம்.லிட். ஆய்வும் செய்தார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைவரானார். 1966-இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தவர் அவரே. தமிழாய்வு உலக அரங்குக்குப் போன வழி அண்ணாமலைநகர் ஊடாகப் போயிருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு இடம் கொடுத்ததால் தமிழ் பெற்ற பயன் அது.

இன்று வருகிற பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாணவர் விசாவில் 180 நாட்களுக்கு மேல் தங்க வருபவர்கள், நாட்டுக்குள் வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்ணப்பம் இணையத்தில்தான். ஆனால் அதற்குத் தங்குமிடச் சான்று வேண்டும், பல்கலைக்கழகத்தின் போனஃபைட் சான்றிதழ் வேண்டும். வெளியே வீடு பார்த்தால், வெளிநாட்டவர் குடிவந்ததை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவித்தாக வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தின்படி, தம்மிடம் சேரும் வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களைத் தெரிவிப்பது கல்வி நிறுவனங்களின் கடமை.

இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் கடினமில்லை. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்வதுதான் கடினம். பதிவுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு முன்பணம் வேண்டும். பணம் ஊரிலிருந்து வர வங்கிக் கணக்கு வேண்டும். வங்கியில் உள்ளூர் முகவரியும் கைப்பேசி எண்ணும் கேட்பார்கள். உள்ளூர் எண் இல்லாமல் யுபிஐ கிடைப்பது கடினம். யுபிஐ இல்லாத பிள்ளை தேநீர்க் கடையிலும் சில்லறைக்குத் தடுமாற வேண்டியிருக்கிறது. இவ்வளவும் 14 நாட்களுக்குள், மொழி தெரியாத ஊரில், வகுப்பும் தொடங்கிவிட்ட நிலையில்.

இதில் பாதிச் சிக்கலை ஒரே ஒரு கடிதம் அவிழ்த்துவிடும். கடவுச்சீட்டு, விசா, புகைப்படம், சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டே வெளிநாட்டு மாணவருக்குக் கணக்கு தொடங்கலாம், உள்ளூர் முகவரியை 30 நாட்களுக்குள் தந்தால் போதும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே வழி விடுகிறது. எப்போதோ ஒருமுறை வெளிநாட்டு மாணவரைப் பார்க்கும் கிளை ஊழியருக்கு இந்த விதி நினைவில் இருக்க வாய்ப்பில்லை. விதியை எடுத்துக்காட்டிப் பல்கலைக்கழகம் தன் முத்திரையோடு எழுதினால், அந்தப் பிள்ளை மூன்று முறை திரும்பி வர வேண்டியதில்லை.

வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். நேபாளப் பிள்ளையோ ஆப்பிரிக்கப் பிள்ளையோ வந்து கேட்டால், ஈழத் தமிழ்ப் பிள்ளை நம் மொழியிலேயே கேட்டாலும்கூட, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு "வீடு இப்பத்தான் பேசி முடிச்சோம்" என்று சொல்கிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். நிறத்தையும் ஊரையும் பார்த்து ஒதுக்குகிறவர்கள் திருந்த வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் பலரைத் தடுப்பது போலீஸ், கச்சேரி என்று அலைய வேண்டிவருமோ என்ற பயம். இணையத்தில் எப்படித் தெரிவிப்பது என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுத்து, சந்தேகம் கேட்க ஓர் எண்ணும் கொடுத்தால் அந்தப் பயம் போய்விடும்.

என் மகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள். அங்கேயும் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தாக வேண்டும். அங்கேயும் கணக்கு, காப்பீடு, விடுதி என்று ஒன்றோடொன்று பின்னிய வேலைகள்தான். ஆனால் அவள் புறப்படும் முன்பே, எந்த நாளில் எந்த அலுவலகம், கையில் எந்தத் தாள் என்ற பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிட்டது. இறங்கிய அன்று ஒரு மூத்த மாணவி ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனாள். இங்கே என் வயிற்றில் இருந்த கலக்கம் அன்றிரவு பாதியாகக் குறைந்தது. அந்த மூத்த மாணவி எங்களுக்கு உறவா, ஊரா? அவளை அனுப்பியது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கான ஏற்பாடு. அதை இத்தனை காலமாக மனதில் வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் அன்புக்குக் குறைவில்லை. பண்டிகை நாளில் விடுதிப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் சம்பா சாதமும் கொத்சும் பரிமாறுகிறவர்கள் சிதம்பரத்தில் உண்டு. ஆனால் தனி மனிதரின் அன்பு வாய்த்தவருக்குத்தான் வாய்க்கும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும், யாரும் அழைக்காத பிள்ளைக்கும், வந்து இறங்கிய முதல் வாரத்தில் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும் ஒழுங்கான ஏற்பாடுதான் துணை. விருந்தோம்பல் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்திலும் ஒரு பகுதியாக வேண்டும்.

ஆகவே ஐந்து காரியங்களைக் கேட்கிறேன். இவற்றுள் ஏற்கெனவே நடப்பவை இருந்தால், அவை ஆள் மாறினாலும் நிற்காத ஏற்பாடாகட்டும்.

முதலாவது, பெயரும் கைப்பேசி எண்ணும் கொண்ட பொறுப்பாளர் ஒருவர். பதிவு முடியும் வரை அந்தப் பிள்ளையின் தாள்கள் எல்லாம் அவர் வழியாகவே நகரட்டும்.

இரண்டாவது, சேர்க்கைக் கடிதத்தோடு வழிகாட்டிக் கையேடு. சென்னை விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய், சோழன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் சிதம்பரத்திலேயே இறங்கலாம், ரயிலடிக்குக் கிழக்கே பல்கலைக்கழகம் என்ற அளவுக்கு விவரமாக இருக்கட்டும். இது தெரியாதவர்கள் வாடகைக் காருக்குப் பெருந்தொகை கொடுத்து வருகிறார்கள்.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு துணை மாணவர். அவருடைய உழைப்புக்குச் சான்றிதழும் சிறு ஊக்கத்தொகையும் கொடுங்கள்.

நான்காவது, பேச்சுத் தமிழ் வகுப்பு. மொழியியலில் நாடறிந்த துறை உங்களிடம் இருக்கிறது. "எவ்வளவு?", "காரம் வேண்டாம்", "உடம்பு சரியில்லை", "இங்கேயே இறக்கிவிடுங்க" என்று தொடங்கும் ஒரு மாத வகுப்பை அந்தத் துறையின் ஆய்வு மாணவர்களே நடத்தலாம். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தில் படிப்பவர்களுக்கு அங்கேயே நடத்தலாம்.

ஐந்தாவது, மழைக்காலத் தகவல். நம் கரை புயல் அறிந்த கரை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை நாம் மறக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் தமிழில்தான் ஒலிபெருக்கியில் கேட்கின்றன. தண்ணீர் பிடித்து வைப்பது, கைப்பேசியைச் சார்ஜ் செய்து வைப்பது, எங்கே போய்த் தங்குவது என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி அவர்களுக்கும் போகட்டும்.

செலவு என்று பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். வெளியே போய்ப் படித்த இந்தியர்களோ 2024-இல் 13 லட்சத்துக்கும் மேல். நம் பிள்ளைகளை உலகத்திடம் நம்பி ஒப்படைத்திருக்கிறோம். உலகம் நம்மிடம் ஒப்படைக்கும் சில பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நம்மால் முடியாத காரியமா?

வரும் கல்வியாண்டின் சேர்க்கைக் கடிதங்கள் போகும்போதே பொறுப்பாளரின் பெயரும் எண்ணும் அவற்றில் அச்சாகட்டும். வீட்டுக்காரர்களுக்கான தமிழ்க் கையேட்டை எழுதித் தரவும், பேச்சுத் தமிழ் வகுப்பில் உதவவும் என் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊதியமின்றி வருகிறோம். எந்த நாளில், எந்த அறைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
சிதம்பரத்து ஓய்வுபெற்ற ஆசிரியை