கண் கண்டது, கை நீளவில்லை!

2011 ஜூலை 20ஆம் நாள், “சோமாலியாவில் பஞ்சம்!” என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. தெற்கு பகூல், கீழ் ஷபெல்லே என்று இரு வட்டாரங்கள் இருப்பதையே உலகம் அன்றுதான் அறிந்தது. எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் ஏடுகளின் முதற் பக்கங்களில் வந்தன. அந்தோ பரிதாபம் என்றனர் சீமான்கள். எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்றனர் வேறு சிலர்.

எதிர்பாராததா? அதைத்தான் நாம் மறுக்கிறோம்!

ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, 2010 ஆகஸ்டிலேயே, எச்சரிக்கை எழுதப்பட்டுவிட்டது. பசிபிக் கடலில் ‘லா நினா’ தோன்றுகிறது, அக்டோபரில் தொடங்கும் ‘டெய்ர்’ பருவ மழை ஏமாற்றும் என்றார்கள். எழுதியவர்கள் சோதிடர்கள் அல்லர். எத்தியோப்பியாவில் 1984இல் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்ததைக் கண்டபின், 1985இல் அமெரிக்க அரசே பணம் போட்டு ஏற்படுத்திய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பினர். டெய்ர் பொய்த்தது. அடுத்து ஏப்ரலில் வரவேண்டிய ‘கூ’ பருவமும் கைவிட்டது. எச்சரிக்கைமேல் எச்சரிக்கை பறந்தது. எங்கே? கருவூலத்தின் சாவியை வைத்திருப்போரின் மேசைக்கு!

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? 1991இல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்தபோது, மழைமானியைப் பார்த்துக் குறித்துவைக்கும் ஏற்பாடும் குலைந்தது. மேலிருந்து பார்ப்பதே வழி. 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் விண்கலம், மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அகச்சிவப்புக் கண்ணால் அளக்கிறது. ஓங்கி வளர்ந்த மழைமேகத்தின் தலை கடுங்குளிராயிருக்கும். அப்படிப்பட்ட மேகம் எத்தனை மணி நேரம் நின்றது என்று எண்ணி, கீழே பெய்த மழையை மதிப்பிடுகிறார்கள். இருக்கிற மழைமானிகளின் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையும் இம்முறையில் பிற்பாடு வெளியிட்ட ‘சிர்ப்ஸ்’ என்னும் தொகுப்பில், 1981 முதலான மழைக் கணக்கு, ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாக இருக்கிறது. இந்த ஆண்டு மழை, நாற்பதாண்டு மழையோடு நிறுக்கப்படுகிறது!

குறையில்லாத கருவியல்ல. பெய்யாத உயர்மேகமும் குளிர்ந்திருந்து ஏமாற்றும். தாழ்ந்த மேகம் பெய்துவிட்டுக் கண்ணில் படாமல் போகும். ஆனால் 2011இல் கருவி பொய் சொல்லவில்லை.

மழை மட்டுமா சாட்சி? சந்தையும் சாட்சி சொன்னது. ஆட்டை விற்றுச் சோளம் வாங்குவது அங்குள்ள மேய்ப்பனின் வாழ்வு. புல் கருகியதும் ஆடு மெலிந்தது. எல்லோரும் ஒரே நாளில் விற்க ஓடினர். ஆட்டின் விலை சரிந்தது, சோளத்தின் விலை ஏறியது. வயலில் வேலையில்லாததால், ஒரு நாள் கூலிக்குக் கிடைக்கும் சோளத்தின் அளவும் சுருங்கியது. தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? தானியம் கடையில் இருக்கும். வாங்கக் கையில் காசிராது. பட்டினி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

ஏன் கொடுக்கவில்லை? அல்-ஷபாப் ஆயுதக் கூட்டத்தார் தெற்கில் உதவி நிறுவனங்களை விரட்டினர் என்பது உண்மை. அந்தக் கூட்டத்தின் கைக்கு உணவு போய்விடும் என்று அமெரிக்கச் சட்டம் மிரட்டியதும் உண்மை. இரண்டு பக்கத்துக் குற்றத்தையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் மூன்றாவது ஒன்றுண்டு: ‘பஞ்சம்’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தனர்! அந்தச் சொல்லுக்கு இலக்கணம் இருக்கிறது. ஐந்தில் ஒரு குடும்பம் உணவுக்கு வழியற்றுப் போகவேண்டும். குழந்தைகளில் 30 விழுக்காட்டினர் உடல் வற்றவேண்டும். நாளொன்றுக்குப் பதினாயிரம் பேரில் இருவர் சாகவேண்டும். பிணத்தை எண்ணிய பிறகு கிடைக்கும் சொல்லுக்காகக் காத்திருப்பது, வீடு எரிந்து முடிந்ததற்குச் சான்றிதழ் கேட்கும் தீயணைப்புப் படையின் செயலல்லவா? அந்தப் பஞ்சத்தில் மாண்டவர் ஏறத்தாழ 2,58,000 என்று 2013இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பாதிக்கு மேற்பட்டவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

முடியாத காரியம் என்பவர்களுக்கு 2017ஐக் காட்டுகிறோம். அப்போதும் மழை பொய்த்தது. பணமும் உணவும் முன்கூட்டியே நகர்ந்தன; பஞ்சம் தடுக்கப்பட்டது. அதே மண், அதே துப்பாக்கிக் கூட்டம்!

ஆகவே நாம் கேட்பது, பணத்தை எண்ணோடு கட்டிவையுங்கள் என்பதே. மழை இந்த அளவுக்குக் கீழே போனால், யாருடைய மனமும் இரங்கக் காத்திராமல் பெட்டி திறக்கவேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியம் 2012இல் ஏற்படுத்திய ‘ஆப்பிரிக்க இடர் தாங்கு நிறுவனம்’ இந்த வழியில்தான் நடக்கிறது. அரசுகள் காப்புறுதிக் கட்டணம் செலுத்துகின்றன. விண்கல மழைக்கணக்கு வறட்சியென்றால் இழப்பீடு. செனகல், மொரிட்டானியா, நைஜர் மூன்றும் 2015இல் 2 கோடி 60 லட்சம் டாலர் அளவுக்குப் பெற்றன.

இதிலும் ஒரு கோளாறு நடந்தது. 2016இல் மலாவியில் கடும் வறட்சி. அரசே நெருக்கடி நிலை அறிவித்தது. கணக்குப் பொறியோ பெரிய பாதிப்பில்லை என்றது! காரணம் தேடினர். நாள் அதிகம் பிடிக்கும் மக்காச்சோளம் விதைத்திருப்பதாகப் பொறிக்குச் சொல்லியிருந்தார்கள். உழவர்களோ குறுகிய காலப் பயிருக்கு மாறியிருந்தனர். மழை எந்த வாரத்தில் தவறியது என்பதல்லவா பயிரின் உயிர்? திருத்திக் கணக்கிட்டபின், ஆண்டின் கடைசியில்தான் 80 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுக்க இசைந்தனர். வானத்தைக் கேட்டவர்கள் வயலில் நிற்பவனைக் கேட்க மறந்தார்கள். கேட்டிருந்தால் மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

கையை நீட்டச் சொல்லி நாம் வாதாடிக்கொண்டிருக்க, 2025 ஜனவரியில் கண்ணையே மூடினார்கள். வெளிநாட்டு உதவியை நிறுத்தி வாஷிங்டனில் உத்தரவு பிறந்ததும், 1985இல் பிறந்த அந்த எச்சரிக்கை அமைப்பு ஊமையாயிற்று. சில மாதம் கழித்து மீண்டும் பேசத் தொடங்கியது. ஒரு மாளிகையில் ஒருவர் கையெழுத்திட்டால் அணைந்துவிடும் விளக்கை நம்பி மொகடிஷுவும் லிலாங்வேயும் இருக்கலாமா? தங்கள் மழைமானி, அதைப் படிக்கத் தங்கள் ஆள், வரவு செலவுத் திட்டத்தில் வறட்சிக்கென ஒதுக்கிவைத்த தங்கள் பணம் — இதையே அந்நாட்டு மக்கள் தங்கள் அரசுகளிடம் கேட்கவேண்டும். செல்வநாடுகளோ, அடுத்த டெய்ர் தவறும் முன்பே தங்கள் பங்கைக் கட்டிவைக்கட்டும்.