படமெடுத்தவர்கள் தாராவிக்குத் திரும்பி வரட்டும்

ஆனந்த் பட்வர்தன் இயக்கி 1985இல் வெளிவந்த ‘ஹமாரா ஷஹர்’ ஆவணப்படத்தில் யாராலும் எளிதில் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. மும்பையில் குடிசைகள் இடிக்கப்படுகின்றன. அதைப் பதிவு செய்துகொண்டிருக்கும் குழுவினரை நோக்கி, வீடிழந்த பெண் ஒருவர் சினத்துடன் திரும்புகிறார். எங்களைப் படம் பிடித்து நீங்கள் பெயர் வாங்கிக்கொள்வீர்கள், எங்களுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்பதே அவர் கேட்பதன் சாரம். இயக்குநர் அந்தக் காட்சியை வெட்டியெறியாமல் படத்திலேயே வைத்தார். நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சேரியைப் படமெடுக்கும் எல்லோர் முன்பும் அந்தக் கேள்வி இன்றும் நிற்கிறது.

அந்தப் படம் எடுக்கப்பட்ட காலத்தை நினைவுகூர்வது அவசியம். 1981இல் மகாராஷ்டிர மாநில அரசு நடைபாதைவாசிகளைப் பெருமழைக் காலத்தில் நகரைவிட்டு வெளியேற்ற உத்தரவிட்டது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழ்வுரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று அறிவித்த அதே தீர்ப்பு, வெளியேற்றத்திற்கான வழியையும் அடைத்துவிடவில்லை. 1986இல் மும்பையின் தென்முனையில் இருந்த சஞ்சய் காந்தி நகர் இடிக்கப்பட்டபோது, குடியிருப்பு மக்களுடன் சேர்ந்து பட்வர்தனும் நடிகை ஷபானா ஆஸ்மியும் உண்ணாவிரதம் இருந்தனர். ஐந்து நாள் போராட்டத்திற்குப் பின் அம்மக்களுக்குக் கோரேகாவ் பகுதியில் மாற்று நிலம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் கேள்விக்கான விடையைத் திரைக்குள் தேடிப் பயனில்லை. படம் முடிந்த பிறகு படமெடுத்தவர் எங்கே நின்றார் என்பதில்தான் அது இருக்கிறது.

இந்தியாவில் அதிகம் படமாக்கப்பட்ட உழைப்பாளர் குடியிருப்பு தாராவியாகத்தான் இருக்கும். 1987இல் வந்த ‘நாயகன்’ படத்தின் தாராவி சென்னையில் போடப்பட்ட செட். 2018இல் வந்த ‘காலா’விலும் பெரும்பகுதி சென்னைச் செட்தான். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ மும்பைச் சேரிகளைக் காட்டி 2009இல் எட்டு ஆஸ்கர் விருதுகளை அள்ளிச் சென்றது. ‘கல்லி பாய்’ 2019இல் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டது. இவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ‘காலா’ நிலவுரிமையை வெகுமக்கள் மொழியில் பேசிய படம். அதை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆயினும் வணிக சினிமாவின் ஏற்பாட்டில் தாராவியின் உழைப்பாளிக்கு ஒதுக்கப்படும் இடம் ஒன்றுதான்: டிக்கெட் வாங்கிப் பார்ப்பவர். தமிழ்ப் படங்களுக்கென்றே பெயர் பெற்ற மாதுங்காவின் அரோரா திரையரங்கிலும் ரசிகர் கைதட்டலாம், விசிலடிக்கலாம். இயக்குநரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்க அங்கே வழியில்லை.

அந்த வழியைத் திறந்தது சுயாதீன சினிமா. படம் திரையிடப்படும், விளக்குகள் எரியும், இயக்குநர் முன்னே வந்து நிற்பார், பார்வையாளர்கள் கேட்பார்கள். மும்பையில் இத்தகைய திரையிடல்களுக்கு நல்ல மரபு உண்டு. ஆனால் அவை நடக்கும் இடங்களைக் கவனிக்க வேண்டும். ஜுஹூவின் பிருத்வி வளாகம், தென் மும்பையின் அரங்குகள், கல்லூரிக் கருத்தரங்கக் கூடங்கள் ஆகியவையே பெரும்பாலும் அவற்றின் களம். தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர் அங்கே போய்ச் சேர இயலாது. யாருடைய வாழ்க்கை திரையில் ஓடுகிறதோ அவர் இல்லாத கூடத்தில், அவரைப் பற்றிய விவாதம் நடந்து முடிகிறது. சுயாதீன சினிமாவை நேசிக்கும் எவரும் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டத் தயங்கக் கூடாது.

குறையைக் களைந்த முன்னுதாரணங்களும் நம்மிடம் உண்டு. 1943இல் பம்பாயில் உருவான மக்கள் நாடக மன்றமாகிய இப்டா, கலையை மக்களிடம் கொண்டுசெல்வதையே தன் வேலையாகக் கொண்டது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைத் தமிழுக்குத் தந்த ஜான் ஆபிரகாம், 1984இல் கேரளத்தில் தோழர்களுடன் ஒடேசா இயக்கத்தைத் தொடங்கினார். அவர்கள் 16 மி.மீ. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்; சாப்ளின் படத்தைக் காட்டினார்கள்; மக்கள் கொடுத்த சிறு தொகைகளைக் கொண்டு ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்து முடித்தார்கள். அர்ஜென்டினாவில் சொலானசும் ஹெட்டினோவும் 1968இல் உருவாக்கிய ‘உலைகளின் நேரம்’ சர்வாதிகார ஆட்சியின் கண்ணில் படாமல் இரகசியமாகக் காட்டப்பட்டது. இடையிடையே படத்தை நிறுத்தி விவாதிக்கும் வகையிலேயே அது அமைக்கப்பட்டிருந்தது.

தாராவித் தமிழர்களில் மிகப் பலருக்குத் திருநெல்வேலி பூர்வீகம். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை தாக்கியது. தாமிரபரணியில் 17 பேர் மாண்டனர். அந்தக் கொடுமையைப் பதிவு செய்தது ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம். தன் ஊர் ஆற்றில் நடந்ததை 90 அடிச் சாலையின் ஒரு சந்தில் திரை கட்டிப் பார்க்கும் தொழிலாளிக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்சியாளர்கள் இதன் வலிமையை நன்கு அறிந்திருக்கிறார்கள். நான்கு பெருநகரங்களில் செல்வமும் வறுமையும் அருகருகே கிடப்பதைக் காட்டிய கே.ஏ. அப்பாஸின் குறும்படம் தணிக்கையில் சிக்கியது. அவர் தொடுத்த வழக்கில் 1970இல் உச்சநீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. மும்பை சர்வதேசப் பட விழாவில் இந்திய ஆவணப்படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கேட்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான இயக்குநர்கள் எதிர்த்தனர். நிபந்தனை விலக்கிக்கொள்ளப்பட்டது, ஆனால் அரசுக்கு உவப்பில்லாத பல படங்கள் தேர்வில் கழித்துக்கட்டப்பட்டன. அவற்றுள் குஜராத் படுகொலைகளைப் பதிவு செய்த ராகேஷ் ஷர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ படமும் ஒன்று. அப்போது 2004 பிப்ரவரியில் ‘விகல்ப்’ என்னும் மாற்று விழாவுக்கு இடம் கொடுத்தது பிரபாதேவியில் உள்ள பூபேஷ் குப்தா பவன். அரசு கதவை மூடியபோது இடதுசாரி இயக்கத்தின் கூரை திறந்திருந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. தமிழ்நாட்டில் 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்திற்குப் பல ஊர்களில் காவல்துறை அனுமதி மறுத்ததும் இதே அச்சத்தின் தொடர்ச்சியே.

இன்று தாராவியில் இந்த வேலைக்கு அவசரம் வந்துவிட்டது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகை கேட்டு மறுமேம்பாட்டுத் திட்டத்தை வென்றது அதானி குழுமம். திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு அதன் கையில். மாநில அரசிடம் இருப்பது 20 விழுக்காடு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு. அதன் பின் வந்தவர்களும் மேல்தளங்களில் வசிப்போரும் தாராவிக்கு வெளியே பணம் கட்டியோ வாடகைக்கோ வீடு பெற வேண்டும். அவர்களுக்காகக் குறிக்கப்பட்ட இடங்களில் தேவ்னார் குப்பைக் கிடங்கு நிலத்தின் 124 ஏக்கரும், காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலங்களும் அடங்கும். கும்பார்வாடாவின் சூளையும், ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடும் பட்டறையும், இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன? வானளாவிய கட்டடங்களை வரைந்து காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக, கோரேகாவில் நிலம் பெற்றவர்களின் கதையும் வெளியேற்றப்பட்டவர்களின் கதையும் இம்மக்கள் கண்முன் வர வேண்டும்.

படம் காட்டினால் புல்டோசர் நின்றுவிடுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நிற்காது. துண்டறிக்கை கொடுத்தாலும் அது தானாக நிற்பதில்லை. கணக்கெடுப்பில் தனித்தனியே ‘தகுதி உடையவர்’, ‘தகுதி அற்றவர்’ என்று பிரிக்கப்படும் அண்டை வீட்டார் இருவரை ஒரே இடத்தில் அமர்த்துவது சிறிய வேலை அல்ல. ஒரு திரையிடல் அதைச் செய்யும். அதன் பிறகு பேச வேண்டியதைச் சங்கமும் கிளையும்தான் பேச வேண்டும்.

இன்னொரு தயக்கமும் உண்டு. அழைத்து வரும் இயக்குநர் நம்மையே விமர்சித்தால்? விமர்சிக்கட்டும். ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடிய தலித் கவிஞர் விலாஸ் கோக்ரே, 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் காவல்துறை பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றதைக் கண்டு தூக்கிட்டு மாண்டார். அந்த மரணத்திலிருந்து தொடங்கி 14 ஆண்டுகள் எடுக்கப்பட்ட ‘ஜெய் பீம் காம்ரேட்’, சாதி குறித்து இடதுசாரிகளையும் கேள்வி கேட்கிறது. 2012 ஜனவரியில் அது பைகுல்லாவின் பி.ஐ.டி. சால் குடியிருப்பு மக்களிடையே திரையிடப்பட்டது. அந்தக் கேள்விகளை எதிர்கொள்ளும் கட்சியைத்தான் தாராவி மக்கள் நம்புவார்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. வெள்ளைத் துணி, புரொஜெக்டர், நல்ல ஒலிபெருக்கி, ஞாயிறு மாலை. மராத்தி, இந்திப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் வேண்டும். வாசிக்க இயலாத முதியோருக்காக, ஓரிடத்தில் படத்தை நிறுத்தித் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு தோழர் வேண்டும். தமிழைவிட இந்தியில் சரளமாகப் பேசும் இளைய தலைமுறையிடமே அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். இரு தலைமுறைகளும் ஒன்றோடொன்று பேசவும் அது உதவும். பெண்கள் வந்து அமரக்கூடிய நேரமும் இடமும் முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும். படம் முடிந்ததும் தலைமையுரை வேண்டாம். முதல் கேள்வி குடியிருப்பவருடையதாக இருக்கட்டும்.

பெயர் பெற்ற இயக்குநர்கள் பலர் இந்நகரத்திலேயே வாழ்கிறார்கள். சயானும் மாஹிமும் அவர்களுக்குத் தொலைவான ஊர்கள் அல்ல. அழைத்தால் வருவார்கள். ஹமாரா ஷஹரில் ஒரு பெண் கேட்டதை இங்கே நூறு பெண்கள் கேட்பார்கள். பதில் சொல்ல வருபவர்களை மாலையிட்டு வரவேற்போம். பதில் சொல்லும்வரை உட்கார விடாதிருப்போம்.