குதிரைச் சவாரியும் மலைப்பாதையும்

குதிரையேறி மலைகளைச் சுற்றி, இரவில் கூடாரமடித்துத் தங்கும் விடுமுறையில் இளைஞர் பலருக்கும் ஆசையுண்டு. நம் வட்டவளைப் பக்கத்தில் அது கைகூடுமா என்று ஆராய்வோம்.

ஹற்றனுக்குப் புகையிரதம் வந்தது 1884ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே இம்மலைகளில் தோட்டத் துரைமார் குதிரையில் சென்றனர். அவர்களுக்குப் பாதை வெட்டிய நம் முன்னோரோ தலைச்சுமையுடன் நடந்தே சென்றனர். இன்று குதிரையேற விரும்புவோர் நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரைக்குச் சென்று, மட்டக்குதிரையில் சிறிது தூரம் உலாவி வரலாம்.

மலையைக் காண நடையே சிறந்தது. பழைய தோட்டப் பாதைகளை இணைத்து அமைந்த ‘பீக்கோ’ நடைவழி, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது.

வட்டவளையில் நடக்க விரும்புவோர் காலமறிந்து வருதல் வேண்டும். இங்கே ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பொழிகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கூடாரம் தாங்காது, அட்டைக்கடியும் மிகுதி. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே ஏற்றது.

எந்த ஓடை திடீரெனப் பெருகும், எந்தச் சரிவில் மண் இளகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் நன்கறிவர். அவர்களுள் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, பேரம் பேசாது உரிய ஊதியத்தை அளிப்போமாக. பாதை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அப்பாதையால் இனியேனும் பயன் கிட்டட்டும்.