எண்ணிலிருந்து ஊர் வரை

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அவர்களில் ஒருவரைக் கொள்ளுத்தாத்தாவாகவோ பாட்டியாகவோ கொண்ட குடும்பம் தன் வேரைத் தேடும்போது கையில் அகப்படும் முதல் உறுதியான இழை அந்த எண்தான். ஆளைப் பெயரால் அல்லாமல் எண்ணால் அடையாளம் காண நிர்வாகம் கொடுத்தது அது. இன்று அந்தப் பெயரை மீட்டுத் தருவதும் அதுவே.

எண் முதலில் எழுதப்பட்ட இடம் கப்பல் பட்டியல். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்ற விவரம் எல்லாம் வரிசையாக இருக்கும். புகைப்படம் இல்லாத ஏழையின் தோற்றத்தைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் உடல் அடையாளப் பத்தி மட்டுமே. இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம், கையில் பச்சை என்று இரண்டு மூன்று சொற்கள். தாத்தாவின் முழங்காலில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது என்று வீட்டில் யாராவது ஒரு பாட்டி சொல்லியிருந்தால், அந்த இரண்டு சொற்கள் நூறு பக்கச் சான்றுக்குச் சமம்.

ஆனால் தேடலைப் பட்டியலிலிருந்து தொடங்க முடியாது. முனியன், முனியம்மா, கோவிந்தன், செல்லம்மா என்ற பெயர்கள் அதில் நூற்றுக்கணக்கில் உள்ளன. வீட்டுப் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இறப்புச் சான்று, திருமணப் பதிவு, குழந்தையின் பிறப்புப் பதிவு, பழைய பாஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் எண் இருக்கக்கூடும். ஒப்பந்தக் கூலிகளின் திருமணத்தையும் பிறப்பையும் பதிந்த குடியேற்றக் காப்பாளர் அலுவலகம் எண்ணையும் சேர்த்தே எழுதியது. பின்னோக்கி நடந்து எண்ணைப் பிடித்துவிட்டால், கப்பலின் பெயரும் வந்த நாளும் தாமாக வந்து நிற்கும். கப்பல் தெரிந்தால் கூட வந்தவர்களும் தெரிவார்கள். அடுத்தடுத்த எண்களில் ஒரே கிராமத்தைச் சேர்ந்த நான்கு பேர் இருந்தால், அவர்கள் உறவினராகவோ ஒரே தரகர் சேர்த்த ஆட்களாகவோ இருக்கக்கூடும். தனி ஆளின் வரியை மட்டும் படித்துவிட்டு மூடுகிறவர் பாதியை இழக்கிறார்.

குடும்பக் கதையைச் சரிபார்க்கவும் கப்பல்கள் போன ஆண்டுகள் உதவும். இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கூலிக் கப்பல் போவது 1866-இல் நின்று, 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது. தாத்தா 1870-இல் கப்பலில் வந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டால், ஆண்டு தவறியிருக்க வேண்டும், அல்லது அவர் ஒப்பந்தமில்லாமல் வேறு வழியில் வந்திருக்க வேண்டும்.

அதிகம் தடுக்கி விழும் இடம் எழுத்துக்கூட்டல். சொன்னவர் தமிழில் சொன்னார். எழுதியவர் தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். கவுண்டர் ஒரு வீட்டில் கவுண்டன் ஆனார், இன்னொரு வீட்டில் கோவெண்டர் ஆனார். முதலியார் மூட்லி ஆனார். தமிழ் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால், தந்தையின் பெயரே பிள்ளைகளின் குடும்பப் பெயராகப் பதிவாகி நிலைத்துவிட்டதும் உண்டு. இப்படி அண்ணன் தம்பி இருவரின் வம்சங்கள் வெவ்வேறு பெயரில் வாழ்கின்றன. இதற்கு மருந்து ஒன்றே: எழுத்தை மட்டும் பார்க்காமல், வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணுக்குப் புரியாத ஊர்ப்பெயர் காதுக்குப் புரிந்துவிடும். சாதிப் பத்தியில் ‘மலபார்’ என்று இருந்தால் கேரளத்துக்குப் போக வேண்டியதில்லை. தமிழரைக் குறிக்க அக்கால அதிகாரிகள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினர். ‘ஜெண்டூ’ என்றால் தெலுங்கர்.

மாவட்டத்தின் பெயரையும் அன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டியல்களில் அடிக்கடி வரும் வட ஆர்க்காடு இன்று இல்லை. அதன் தாலுகாக்களில் சில 1911-இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, இன்று ஆந்திரத்தில் உள்ளன. மீதமிருந்தது 1989-இல் பிரிந்து, பிறகும் பிரிந்தது. திருத்தணி 1960-இல்தான் சித்தூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. வேலூரில் தேடிக் கிடைக்காத ஊர் எல்லைக்கு அப்பால் இருக்கலாம்.

பட்டியல் ஒரு மனிதர் வந்த நாளோடு நின்றுவிடும். வாழ்ந்த வாழ்க்கை வேறு கோப்புகளில் இருக்கிறது. ஒப்பந்தம் 5 ஆண்டு. முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். கூலி பிடித்தம், அடி, ரேஷன் குறைவு என்று தொழிலாளர்கள் கொடுத்த முறையீடுகளும், அவற்றின் மீது நடந்த விசாரணைகளும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தின் இந்தியக் குடியேற்றக் கோப்புகளில் உள்ளன. எழுதத் தெரியாத ஒரு பெண் சொன்ன சொற்கள், மொழிபெயர்ப்பில்தான் என்றாலும், அங்கே கிடைக்கின்றன. தாத்தா ஏன் இரண்டாம் முறையும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார் என்று பேரன் குழம்பினால், 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்கலாம். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தம் செய்யாமலும் அங்கேயே தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்றது அது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அந்த வரி நீங்கியது.

வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா 1991-இல் இந்தப் பட்டியல்களையே ஆதாரமாக வைத்து ஒரு நூல் எழுதினார். ஆய்வாளர்கள் அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெதும் பின்னர் தோட்டத்து வாழ்க்கையை விரிவாக எழுதினார்கள். தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் வேலை நடந்திருக்கிறது. குறை இந்தக் கரையில்தான். போனவர்களில் பலர் நிலமில்லாதவர்கள்; பட்டாவிலும் நிலப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் வர வழியில்லை. அவர்களைப் பற்றி ஊரில் எஞ்சியிருக்கக்கூடியது இரண்டுதான்: குலதெய்வம், பெரியவர்களின் நினைவு. கடல் கடந்த குடும்பம் நான்கு தலைமுறை கழித்தும் எந்த அம்மனுக்கு, எந்த மாதத்தில், என்ன படைக்கிறது என்பது கிராமத்தைக் கண்டுபிடிக்க அரசுத் தாளைவிட உதவலாம். தாளும் வழிபாடும் பொருந்தினால் சந்தேகம் பெரிதும் குறையும்.

ஆரணிப் பக்கமோ குடியாத்தம் பக்கமோ, தமிழ் சரியாக வராத ஒருவர் பழைய தாளின் நகலோடு தெருவில் நின்று ஊர்ப்பெயரை விசாரித்தால், தெரியாது என்று அனுப்பிவிடாதீர்கள். ஊரில் மூத்தவர் யாரோ அவரிடம் அழைத்துப் போய், தாளில் இருக்கும் பெயர்களை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.