கூப்பிடாமல் வரும் கணக்கு

பெரிய கம்பெனிகளில் தகவலுக்குப் பஞ்சமில்லை. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. ஃபரிதாபாதிலோ புனேயிலோ ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்து பாருங்கள். கொள்முதல், ஸ்டாக், சம்பளம், வசூல் என எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் பதிவாகிறது. ஆனால் பணம் தராமல் கிடக்கும் பில்கள் எவை என்று தெரிந்துகொள்ள மேலாளர் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், நாலைந்து மெனுக்களைத் தாண்டி, தேதிகளை நிரப்பிக் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் செய்வார். மூன்றாம் நாள் யாரையாவது கூப்பிட்டு, "எக்செல்லில் போட்டு அனுப்புப்பா" என்பார். அதுவும் மெயிலில் வந்து மற்ற மெயில்களுக்கு அடியில் தூங்கும்.

அந்தத் தூக்கத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். பட்டறையில் நாலு லேத்தை வைத்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து தருகிறவர். குறு, சிறு தொழில்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்துவிட வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தாமதங்கள் எல்லாவற்றுக்கும் கெட்ட எண்ணம் காரணமல்ல. பல நேரங்களில், பில் 40-வது நாளை எட்டியது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. பெயர் ஆர்.எஸ்.எஸ். நாக்பூருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் இணையதளங்களுக்காகத் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. தமிழில் ஓடை என்கிறார்கள். மாறாத முகவரி ஒன்றில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் தலைப்பு, தேதி, முழு விவரத்துக்கான இணைப்பு. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு சிறு புரோகிராம் அவ்வப்போது அங்கே எட்டிப் பார்த்து, புதிதாக வந்ததை மட்டும் உங்கள் முன் வைக்கும். 2005-ல் ஆட்டம் என்ற பெயரில் இதற்கு ஒரு பொதுத் தரமும் வந்தது.

செய்திக்கு வந்தது கணக்குக்கும் பொருந்தும் என்று சாஃப்ட்வேர் கம்பெனிகள் கண்டுகொண்டன. மைக்ரோசாஃப்ட் 2010-ல் வெளியிட்ட எஸ்.க்யூ.எல். சர்வர் 2008 ஆர்2, ரிப்போர்ட்டுகளை ஆட்டம் ஓடையாகத் தரத் தொடங்கியது. ஆட்டத்தை அடித்தளமாகக் கொண்டு பிறந்த ஓடேட்டா முறையை ஜெர்மனியின் எஸ்.ஏ.பி.யும் எடுத்துக்கொண்டது. 2013-ல் கூகுள் தன் ரீடரை மூடியபோது ஓடையின் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். இன்றும் பாட்காஸ்ட்டுகள் அதில்தான் ஓடுகின்றன.

ஆக, வசதிக்குக் குறைவில்லை. அதில் எதை விடுகிறோம் என்பதுதான் கேள்வி. ஆயிரம் வரி ரிப்போர்ட்டை அப்படியே ஓடையில் விட்டால் அது இன்னொரு குப்பைக்கூடை. 30 நாளைத் தாண்டிய பில்கள் மட்டும் வரட்டும். காலையில் ஐந்து வரி வந்தால் மேலாளர் ஐந்தையும் பார்ப்பார். ஓடையின் முகவரி தெரிந்தவர் எல்லாம் படித்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே வரியில் பில் எண் மட்டும் போதும். தொகையும் பெயரும் பாஸ்வேர்டுக்கு உள்ளேயே இருக்கட்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கணக்கில் ஏறாதது ஓடையில் வராது. 2018 பிப்ரவரியில் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி நினைவிருக்கும். வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பும் வங்கியின் மையக் கணக்கு சாஃப்ட்வேரும் இணைக்கப்படாமல் தனித்தனியே இருந்தன. மும்பைக் கிளை ஒன்றிலிருந்து போன உத்தரவாதங்கள் மையக் கணக்கில் ஏறவே இல்லை. அந்தக் கணக்கிலிருந்து எத்தனை ஓடைகள் புறப்பட்டிருந்தாலும் எல்லாம் சுகமே என்றுதான் சொல்லியிருக்கும்.

பில் வந்த அன்றே பதிவு செய்வது மனிதர் வேலை. வந்த வரியைப் பார்த்து செக்கில் கையெழுத்துப் போடுவதும் மனிதர் வேலை. நடுவிலே தகவலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை மட்டும் மெஷினிடம் விட்டுவிடலாம். இன்னும் ஒரு படி மேலே போய், தன் பில் எந்த மேஜையில் நிற்கிறது என்று சொல்லும் ஓர் ஓடையைப் பட்டறைக்காரருக்கும் தரலாம். பில் என்ன ஆயிற்று என்று கேட்டு வாரம் ஒருமுறை அவர் கம்பெனி வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்காது.