கொடுத்து வைத்தவள்

போன தையில் கும்பகோணத்தில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஐடி. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அத்தை, ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே சொன்னார்: “இவளுக்கென்ன, கொடுத்து வெச்சவ. அவன் சம்பாதிப்பான், இவ ஊர் சுத்துவா.” பிறகு என் பக்கம் கையைக் காட்டி, “இதோ சாட்சியே உக்காந்திருக்காளே” என்றார்.

சாட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் எதிர்த்தரப்புச் சாட்சி.

கணவனோடு வெளிநாடு போகிறவளுக்குக் கவலையே கிடையாது என்ற நம்பிக்கை, ஜாதகத்தை நம்பாத வீடுகளில்கூட அப்படியே இருக்கிறது. கொஞ்சம் படித்தவர்கள் இதையே நாசூக்காகச் சொல்வார்கள்: “கொஞ்ச நாள் பிரேக் எடுத்திருக்கா.” நான் எந்த பிரேக்கும் எடுக்கவில்லை. என் வேலையை நிறுத்தியது நானோ என் கணவரோ அல்ல, அரசாங்கம் அச்சடித்த ஒரு அட்டை. இதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

2014ல் சிங்கப்பூர் போனோம். அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே அவருக்குக் கிடைத்தது எம்பிளாய்மெண்ட் பாஸ், எனக்கு டிபெண்டன்ட்ஸ் பாஸ். எல்லோரும் ‘டிபி’ என்பார்கள். ‘நீ என்ன பாஸ்?’ என்று ஒருத்தி கேட்டு, ‘டிபி’ என்று இன்னொருத்தி சொன்னால், இருவரும் அடுத்து எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு என்று பேசத் தொடங்கிவிடலாம். வேறு கேள்விக்கு அவசியமில்லை.

அப்போது ஒரு வழி இருந்தது. வேலை தருகிறவர் விண்ணப்பித்து, அரசு ஒரு ஒப்புதல் கடிதம் கொடுத்தால் டிபியில் இருப்பவர் வேலை பார்க்கலாம். இத்தனை சம்பளம் இருந்தால்தான் என்ற நிபந்தனை கிடையாது, ஒதுக்கீட்டுக் கணக்கும் கிடையாது. அப்படித்தான் சிராங்கூன் பக்கம் ஒரு சிறிய வர்த்தக நிறுவனத்தில் கணக்கு எழுதப் போனேன். 2021 மே 1 முதல் அந்த வழி மூடப்பட்டது. சொந்தமாகத் தொழில் நடத்தி உள்ளூர்க்காரர் ஒருவருக்கு வேலை கொடுத்தால் மட்டும் விலக்கு. மற்றவர்கள் தங்களுக்கென்று தனி வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். எம்பிளாய்மெண்ட் பாஸுக்கு அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). என் சம்பளம் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். அடுத்த படியான எஸ் பாஸ் கொடுக்க, கம்பெனியில் உள்ளூர் ஆட்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். எங்கள் கடையில் மொத்தமே நான்கு பேர். முதலாளிக்கு என்னை வைத்துக்கொள்ள மனம் இருந்தது, கணக்கு இடம் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கையும் நான்தான் போட்டுக் காட்டினேன்.

தன் மக்களின் வேலையைக் காப்பாற்றுவது ஒரு நாட்டின் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. அந்த விதியின் விளைவை என் அதிர்ஷ்டம் என்று பெயர் மாற்றி ஊரில் கொண்டாடுகிறார்களே, அதில்தான் வழக்கு.

வேலை நின்றதும் மாறுவது சம்பளம் மட்டுமல்ல. போன் இணைப்பு அவர் பெயரில். வீட்டு வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். என் கையில் இருந்தது அவர் கணக்கில் கிளை விட்ட சப்ளிமெண்டரி கார்டு. ஒரு செவ்வாய்க்கிழமை இணையத்தில் பத்து கிலோ பொன்னி அரிசி, துவரம்பருப்பு, அவருக்கு இரண்டு சட்டை, எனக்கு ஒரு செருப்பு எல்லாம் போட்டுப் பணம் கட்டப் போனேன். ஓடிபி அவர் போனுக்குப் போனது. அவர் மீட்டிங்கில் இருந்தார். திரையில் விநாடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நேரம் முடிந்ததும் மறுபடி அனுப்பச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் எண்ணை அனுப்பினார், கூடவே ஒரு கேள்வி: “என்ன வாங்கற?” சாதாரணக் கேள்விதான். அவர் கணக்குக் கேட்கும் ஆளும் இல்லை. ஆனால் பதினைந்து வயதுக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை. செருப்பை எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் பணம் கட்டினேன்.

“புருஷன் காசு உன் காசுதானே” என்பவர்கள் இந்த இடத்தில் கை தூக்குவார்கள். கணக்கு எழுதுகிறவளிடம் அதைச் சொல்லாதீர்கள். யார் கையெழுத்துக்குப் பணம் நகர்கிறதோ அவருடையதுதான் பணம். நல்ல மனுஷன் கையில் அது இருப்பது வேறு விஷயம். அது என் நல்ல நேரம், என் உரிமை அல்ல.

2022ல் அவரை டோக்கியோவுக்கு மாற்றினார்கள். எடொகாவா வட்டாரத்தில் நிஷிகசாய் என்ற இடம். இந்திய ஐடி குடும்பங்கள் நிறைந்த பகுதி, இட்லி அரிசிக்குப் பஞ்சமில்லை. அங்கே வெளிநாட்டவருக்கு ஸைர்யூ கார்டு என்று ஒன்று உண்டு, எப்போதும் கையில் இருக்க வேண்டும். என் கார்டின் முன்பக்கம் தங்கும் தகுதி: குடும்பத்தோடு தங்குதல். அதன் கீழே நான்கு எழுத்துகள். நான் முதன்முதலில் படிக்கக் கற்றுக்கொண்ட ஜப்பானிய எழுத்துகளில் அவையும் சேர்த்தி. வேலை செய்ய அனுமதி இல்லை என்று அர்த்தம். தனியாக விண்ணப்பித்தால் பின்பக்கம் ஒரு முத்திரை குத்தித் தருவார்கள்: வாரத்துக்கு 28 மணி நேரத்துக்குள் வேலை செய்யலாம், ஆபாசக் கேளிக்கை விடுதி வகையறாத் தொழில்கள் நீங்கலாக. மாணவர்களுக்கும் இதே முத்திரைதான். எம்.காம். படித்து, இரண்டு நாட்டில் கணக்கு முடித்துக் கொடுத்த நான் அந்த வரிக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்று சிரித்தேன் என்றுதான் நினைவு. அதோடு முடியவில்லை. கணவனின் காப்பீட்டில் மனைவி ஒட்டிக்கொண்டிருக்க அவள் வருமானம் வருடத்துக்கு 13 லட்சம் யென்னைத் தொடக்கூடாது. இந்த வரம்பை ஜப்பானியப் பெண்களே ‘சுவர்’ என்று சொல்லித்தான் திட்டுகிறார்கள். அந்த விஷயத்தில் மட்டும் நான் உள்ளூர்ப் பெண்ணாகிவிட்டேன்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி ஹாங்காங்கில் இருக்கிறாள். அவள் கணவருக்கும் வேலை விசா, அவளுக்கும் சார்ந்தோர் விசா. அங்கே அந்த விசாவில் வேலைக்குப் போகத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. போய்ச் சேர்ந்த மூன்றாவது மாதம் வேலையில் சேர்ந்தாள். இன்று அவளை ஊரில் ‘கெட்டிக்காரி’ என்கிறார்கள், என்னை ‘கொடுத்து வைத்தவள்’ என்கிறார்கள். இருவரும் ஒரே வகுப்பு, மதிப்பெண்ணில் நான் அவளுக்கு இரண்டு மேலே. விமானம் எந்த ஊரில் இறங்கியது என்பதைத் தவிர எங்களுக்குள் வித்தியாசமில்லை.

சரி, ஊர் சுற்றுவது? சுற்றினோம். பாலி, ஜார்ஜ் டவுன், ஹோய் ஆன். இந்தியக் கடவுச்சீட்டோடு சுற்றுவது எப்படி என்று அத்தைக்குத் தெரியாது. வங்கி அறிக்கை, நிறுவனக் கடிதம், ஓட்டல் பதிவு, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம். இந்தக் கோப்பைத் தயார் செய்வது யார்? சும்மா இருப்பவள்தான். குடி மாறும்போது சாமான் கட்டுவதும், எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று தெரிந்துகொள்வதும், வட்டார அலுவலகத்தில் எண் வாங்கி உட்கார்ந்திருப்பதும் அவளே. டோக்கியோவில் இறங்கிய மறுநாளே அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு அலுவலகம் போனார். அந்தச் சட்டை தானாக இஸ்திரி ஆகவில்லை. வெளிநாட்டுக்கு மாற்றலாகிற ஒவ்வொரு ஊழியனுக்குப் பின்னாலும் சம்பளப் பட்டியலில் ஏறாத ஒரு ஊழியர் இருக்கிறார்.

கம்போடியாவின் சியாம் ரீப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கோர் கோயில்களுக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. கவுண்டரிலேயே நம்மைப் படம் பிடித்துச் சீட்டில் அச்சடித்துத் தருவார்கள். எனக்கு மூன்று நாள் பார்க்க ஆசை. பாந்தே ஸ்ரேயின் செந்நிறக் கல் சிற்பங்களைப் பற்றி மாதக்கணக்கில் படித்துவைத்திருந்தேன். “ஒரு நாள் போதாதா?” என்றார் அவர். நான் சம்பாதித்துக்கொண்டிருந்த காலமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். போதும் என்றேன். அன்றைய சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். முகநூலில் அந்தப் பயணத்துக்கு நிறைய லைக். அத்தையும் போட்டிருந்தார்.

இன்னொரு வாதமும் வரும், அது கனமானது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்கள் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறார்கள். மனைவியை அழைத்து வரவே அவர்களால் முடியாது. குடும்பத்தைக் கொண்டுவர மாதம் 6,000 வெள்ளி நிலைச் சம்பளம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் புல்வெளியில் உட்கார்ந்து வீடியோ காலில் குழந்தையைப் பார்க்கிறவர்கள் முன்னால் என் செருப்புக் கதை ஒரு குறையா? இல்லைதான். அவர்களில் ஒருவனின் மனைவியை நினைத்தால் எனக்குப் பேச வாய் வராது. ஆனாலும் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கம். உழைப்பு வேண்டும், உழைக்கிறவனின் குடும்பம் வேண்டாம். சம்பளம் உயர்ந்தால் குடும்பம் வரலாம், வந்து சும்மா இருக்க வேண்டும். அவளைப் பரிதாபம் என்றும் என்னைப் பாக்கியசாலி என்றும் பிரித்துப் பேசினால், இந்தக் கணக்கை யாரும் சேர்த்துப் படிக்கப் போவதில்லை.

கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். கொடுத்தது உண்மை, வைத்தது எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன். நம் வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். எனக்கு ஆறு. சிங்கப்பூரின் சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். இப்போது திரும்பி வந்து சென்னையில் வேலை தேடினால் எதிரே இருப்பவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “2021க்கு அப்புறம் என்ன பண்ணீங்க?” என்று கேட்கிறார். ஸைர்யூ கார்டின் பின்பக்கத்தைக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

அன்று பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் அக்கா மகள் கேட்டாள்: “அப்போ போக வேண்டாம்கறீங்களா, சித்தி?” பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாள், அவனைவிடக் கொஞ்சம் கூடவே சம்பளம். போகாதே என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு அங்கே என்ன பாஸ் கிடைக்கும், அதில் வேலை பார்க்க முடியுமா, முடியாது என்றால் அவள் பெயரில் மாதம் எவ்வளவு போடுவான் என்று மாப்பிள்ளையிடம் கேட்கச் சொன்னேன். அங்கேயே ஈரக் கையோடு வாட்ஸ்அப்பில் கேட்டாள்.

ராத்திரி பத்து மணிக்குப் பதில் வந்தது, எனக்கும் காட்டினாள். “அதெல்லாம் செக் பண்ணதில்லையே. கேட்டுச் சொல்றேன்.” அவன் சிங்கப்பூர் போய் மூன்று வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், நாதஸ்வரம், ஹனிமூனுக்கு கிராபி வரை எல்லாம் முடிவாகியிருந்தது.