எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும்?

"ஆறே மாதத்தில் பிசியோதெரபி உதவியாளர் ஆகலாம். ஆஸ்பத்திரியில் வேலை நிச்சயம்." மும்பையில் நம்மவர்கள் வாழும் பகுதிகளில் இப்படிப்பட்ட விளம்பரத் தாள்கள் வலம் வருகின்றன. பன்னிரண்டாவது முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று விழிக்கும் பெற்றோருக்கு, இது ஆண்டவனே காட்டிய வழி போலத் தோன்றுகிறது.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தந்தை மூட்டை இறக்கும் தொழிலாளி. சீட்டுப் பணத்தை எடுத்து மகளுக்காக நாற்பதாயிரம் ரூபாய் கட்டினார். ஆறு மாதம் கழித்துக் கைக்கு வந்தது சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், "கவுன்சில் பதிவு எண் என்ன?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்று உண்டு என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. இன்று அந்தப் பெண் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளும் வேலை பார்க்கிறாள். கண்ணியமான வேலைதான். ஆனால் அதற்கு நாற்பதாயிரம் கட்டியிருக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை 2021 மார்ச்சில் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. அதன்படி துணை மருத்துவத் தொழிலர் என்று சொல்லிக்கொள்ளவே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். அதுவும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட நிலைக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப் படிப்பு தேவை. பிசியோதெரபிஸ்ட் இந்த மேல்நிலையைச் சேர்ந்தவர். படித்தால் மட்டும் போதாது. மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஆறு மாத வகுப்பு இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

இந்தக் கண்டிப்பு வீண் கெடுபிடி அல்ல. பக்கவாதத்தில் விழுந்தவரின் கையைத் தெரியாதவர் பிடித்து இழுத்தால் தோள் மூட்டே நழுவிவிடும். முறிந்த எலும்பு கூடுமுன் மடக்கினால் பழைய துன்பம் திரும்பும். சிகிச்சைக்கு வருகிறவரும் நம்மைப் போன்ற ஏழைத் தொழிலாளிதான் என்பதை மறக்கக் கூடாது.

உதவியாளர் என்ற படியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் அந்தப் படி முறையாக அமைந்திருக்கிறது. 1967-ல் அங்கே இரண்டு கல்லூரிகள் இப்படிப்பைத் தொடங்கின; 1969-ல் முதல் அணி வெளிவந்தது. இன்று அங்கே உதவியாளராக வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இரண்டாண்டுப் படிப்பு, நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு, பிறகு மாநில அரசின் உரிமம் என மூன்றும் வேண்டும். நோயாளியைச் சோதித்துச் சிகிச்சை முறையை வகுப்பவர் பிசியோதெரபிஸ்ட். அவருடைய மேற்பார்வையில் பயிற்சி கொடுப்பவர் உதவியாளர். யாருக்கு எந்த வேலை என்பதில் குழப்பம் இல்லை. நம் நாட்டுச் சட்டத்தின் பட்டியலிலோ பிசியோதெரபிஸ்டின் பெயர்தான் இருக்கிறது. உதவியாளருக்குத் தெளிவான இடம் இல்லாததால், அந்தப் பெயரை வைத்து வியாபாரம் செய்வோருக்கு வசதியாகிவிட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது? முடித்தபின் எந்தக் கவுன்சில் பதிவேட்டில் பெயர் ஏறும்? அதை எழுத்து மூலம் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளைக்கு உண்மையிலேயே இத்தொழிலில் விருப்பம் இருந்தால், பத்தாவது முடிந்ததுமே திட்டமிட வேண்டும். பதினொன்றில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களை எடுக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் பிசியோதெரபிப் பட்டப் படிப்புக்கு நீட் தேர்வு எழுத வேண்டும். டொமிசைல் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. பிள்ளையைச் சில வருடம் ஊரிலும் சில வருடம் இங்குமாகப் படிக்க வைப்பவர்கள், இரண்டு மாநிலத்திலும் ஒதுக்கீட்டை இழக்க நேரிடலாம்.

பாதை நீண்டதுதான். ஆனால் தூரத்தில் இல்லை. இந்தியாவில் இப்படிப்பு 1950களின் தொடக்கத்தில் வேர் பிடித்ததே தாராவிக்குச் சில ரயில் நிலையங்கள் தள்ளியிருக்கும் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில்தான்.

உதவியாளர் படிப்புக்கும் கால அளவு, தேர்வு, பதிவு ஆகியவற்றை வகுக்க அரசு முன்வர வேண்டும். அதுவரை நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவோடு நின்றுவிடாமல், தேர்வு முடிவு வரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது விவரம் தெரிந்தவர்களை அழைத்துப் பெற்றோருக்கு ஆலோசனை சொல்ல ஏற்பாடு செய்யலாம். வியர்வை சிந்திச் சேர்த்த சீட்டுப் பணம் பதிவேட்டில் ஏறும் படிப்புக்கே போய்ச் சேர வேண்டும்.